அப்புறம் பார்த்துக்கலாம்

சரவணம்பட்டியில் ஒரு மொட்டை மாடி அறை. தகரக் கூரை. பகலில் உள்ளே உட்கார முடியாது என்பதால் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல்தான் கூடுகிறார்கள். மூன்று பேர். ஒருவர் ஐடி கம்பெனிக்காரர், ஒருவர் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் செய்கிறவர், மூன்றாமவர் பம்ப்செட் கம்பெனியில் கணக்கு பார்க்கும் பெண். பள்ளிக்கூட நாட்களில் பிரவுசிங் சென்டரில் எமுலேட்டர் போட்டுப் போக்கிமான் விளையாடியவர்கள். அதே பாணியில், வால்பாறைப் பக்கத்துக் காட்டைக் களமாக வைத்துச் சொந்தமாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஃபேன் கேம், அதாவது ரசிகர்கள் செய்வது. விற்க முடியாது, விற்கும் எண்ணமும் இல்லை.

போனவுடன் என் கையில் கொடுத்தது ஒரு லாங் சைஸ் நோட்டு. மூன்று வருடத்துக்கு முன் எழுதிய திட்டம். பதினெட்டு ஊர், எட்டு ஜிம் (சண்டைக் கூடம்), 120 புது ஜீவராசிகள், முடிவில் ஒரு கடல் பயணம். படிக்க நன்றாகத்தான் இருந்தது. “இதுதாங்ணா எங்களுக்குப் புடிச்ச வியாதி” என்றார் ஐடிக்காரர்.

வியாதியைக் கண்டுபிடித்தவர் கணக்குக்காரப் பெண். நோட்டைப் படித்துவிட்டு அவர் எதுவும் சொல்லவில்லையாம். “ஒண்ணே ஒண்ணு வரைடா, நான் மணி பாக்குறேன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பேனர் கடைக்காரர் இருவாச்சிப் பறவையை வைத்து ஒரு ஜீவனை வரைந்தார். எதிரே நிற்கும்போது தெரியும் முன்பக்கம், நம் பக்கம் சண்டை போடும்போது தெரியும் முதுகுப்பக்கம், மெனுவில் வரும் குட்டிப் படம். மூன்றும் முடிய ஐந்து மணி நேரம். 120 ஜீவன்களுக்கு 600 மணி நேரம். ஒரு சனிக்கிழமைக்கு ஆறு மணி நேரம் என்றால் 100 சனிக்கிழமை. கல்யாணம், காதுகுத்து, மாதக் கடைசிக் கணக்கு எல்லாம் போக மாதத்தில் இரண்டு சனிதான் உருப்படியாகக் கூட முடிகிறது. நாலு வருடத்துக்கு மேல். அதுவும் படம் மட்டும். ஊர், வசனம், சத்தம், சண்டைக் கணக்கு எதுவும் அதில் சேரவில்லை.

“அன்னைக்கு ரெண்டு பேரும் எங்கூடப் பேசல” என்றார் அவர், சிரிக்காமல்.

சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களுக்கே இது லேசாக இருந்ததில்லை. கேம் ஃப்ரீக் நிறுவனம் 1990இல் தொடங்கிய முதல் போக்கிமான் 1996இல்தான் கடைக்கு வந்தது. அதிலேயே இருந்தவை 151 ஜீவன்கள்.

நான் அங்கே இருந்த மூன்று மணி நேரத்தில் ஒரு பங்கு ஒரு மரத்துக்கே போனது. அவர்கள் பயன்படுத்தும் ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பியில் நிலம், சுவர், மரம் எல்லாமே 32க்கு 32 பிக்ஸல் கட்டங்கள், அதாவது டைல்கள். ஒவ்வொரு டைலுக்கும் இரண்டு விஷயம் சொல்லிவைக்க வேண்டும்: அதன்மேல் நடக்கலாமா, அது ஆளுக்கு முன்னால் தெரிய வேண்டுமா பின்னால் தெரிய வேண்டுமா. அடிமரத்தில் நடக்கக் கூடாது. இலைக் கட்டத்தில் நடக்கலாம், ஆனால் இலை ஆளை மறைக்க வேண்டும். ஒரே ஒரு இலைக் கட்டத்தில் அந்த இரண்டாவது விஷயம் மாறிக் கிடந்தது. திரையில் பையன் பலா மரத்தின் பின்னால் போனான். உடம்பு மறைந்தது, தலை மட்டும் இலைமேல் பலாப்பழம் மாதிரி தொங்கியது. நான் சிரித்துவிட்டேன். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கட்டம் என்று தேட இருபது நிமிடம், திருத்த ஐந்து வினாடி. நோட்டில் இருக்கும் பதினெட்டு ஊரிலும் மரம் உண்டு.

இப்போதைய திட்டம் ஒரு தேயிலை எஸ்டேட் ஊர், ஒரு காட்டுப் பாதை, ஒரு ஜிம், 14 ஜீவன். ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். கதைக்கு அங்கேயே ஒரு முடிவும் உண்டு. ‘தொடரும்’ போட்டு ஏமாற்றவில்லை. 300 பக்கச் சிறப்பிதழ் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு 48 பக்கத்தில் மூச்சு வாங்கிய பழைய சிறுபத்திரிகைக்காரன் நான். அந்தப் ‘பதினாலு’ எவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சுவரில் ‘பிளாக் மீஸா’வின் படம் ஒட்டியிருந்தது. 1998இல் வந்த ஹாஃப்-லைஃபை ரசிகர்களே புதிதாகக் கட்டிய கேம். 2012இல் அவர்கள் அதை இலவசமாக வெளியிட்டபோது, கடைசிப் பகுதியான ஜென் என்ற வேற்றுலகம் அதில் இல்லை. முடிந்தவரை கொடுத்துவிட்டு, மிச்சத்தையும் சேர்த்து முழுசாக்க 2020 ஆயிற்று. “ஜென்னுக்காகக் காத்திருந்தா 2012ல ஒண்ணுமே வந்திருக்காதுங்ணா” என்றார் ஐடிக்காரர்.

இன்னொரு பயமும் இருக்கிறது. அர்ஜென்டினாக்காரரான மில்டன் குவாஸ்தி, பழைய மெட்ராய்ட் 2 கேமைச் சுமார் பத்து வருடம் உழைத்துப் புதுப்பித்து 2016 ஆகஸ்டில் வெளியிட்டார். ஓரிரு நாளில் அந்தக் கேமின் உரிமையாளரான நிண்டெண்டோவின் பதிப்புரிமை நோட்டீஸ் வந்துவிட்டது. அதே மாதம், ஒன்பது வருடம் செய்த போக்கிமான் யுரேனியத்தையும் செய்தவர்களே இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டினால் இந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். நிலத்துக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பத்து வருட வீடு இடிவதும் பத்து மாதக் குடிசை இடிவதும் ஒன்றல்ல. இவர்கள் 14 ஜீவன்களையும் புதிதாகவே வரைந்திருக்கிறார்கள். நாளைக்கு நோட்டீஸ் வந்தாலும் இருவாச்சியைக் கையோடு எடுத்துக்கொண்டு வேறு பெயரில் குடியேறலாம்.

கிளம்பும் முன் என்னை விளையாட வைத்தார்கள். எஸ்டேட்டுக்குக் கீழே ஒரு குளம். பார்த்ததும் சொல்லிவிட்டேன்: “இங்க தூண்டில் போட்டு மீன் புடிக்கிற மாதிரி வெச்சா நல்லாருக்குமே?”

பேனர் கடைக்காரரின் முகம் மலர்ந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் எக்செல்லில் ‘அப்புறம்’ என்று பெயரிட்ட ஷீட்டைத் திறந்துவிட்டார். கடல் பயணம், பதினேழு ஊர், ஏழு ஜிம், மழைக்காலம், பேசும் யானை என்று அது கீழே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு காலி வரிசை பார்த்துத் தட்டினார்.

“87. தூண்டில். போட்டாச்சுங்ணா.”