ஒரு நாளுக்கு ஒரு பேட்டை போதும்

கொல்கத்தாவின் எஸ்ரா தெருவில் இன்று மின்சாரச் சாமான்கள்தான் வியாபாரம். சரவிளக்கு, ஒயர்ச் சுருள், சுவிட்சு, மின்விசிறி என்று இருபுறமும் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. தெருவின் பெயரோ மேற்காசியாவிலிருந்து வணிகத்துக்கு வந்து குடியேறிய ஒரு யூதக் குடும்பத்தின் பெயர். கடைகளுக்கு நடுவே பாழடைந்து கிடக்கும் ஒரு கட்டிடம் பார்சிகளின் பழைய அக்கினிக் கோயில். ருஸ்தம்ஜி கவாஸ்ஜி பனாஜி என்ற கப்பல் முதலாளி 1839இல் எழுப்பியது. யூதர் பெயர் தாங்கிய தெருவில் பார்சிக் கோயில் எப்படி வந்தது? இந்த இரு சமூகங்களுக்கும் மதம் வேறு, மொழி வேறு, பிறந்த மண்ணும் வேறு. அவர்களை அண்டை வீட்டாராக்கியது எது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து போனால், ஊர் சுற்றிப் பார்ப்பது என்று நாம் சொல்லும் காரியத்தையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

விடை துறைமுகத்தில் இருக்கிறது. பீகாரிலும் காசியைச் சுற்றியும் விளைந்த கசகசாச் செடியின் பாலைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகத்தில் வைத்திருந்தது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் அது அபினாகப் பதப்படுத்தப்பட்டுப் பெட்டிகளில் கல்கத்தா வந்து ஏலத்துக்குப் போயிற்று. சீனப் பேரரசர் அபினுக்குத் தடை விதித்திருந்ததால் கம்பெனி தன் கப்பலில் அதை ஏற்றவில்லை. ஏலத்தில் எடுத்த தனி வணிகர்கள் ஏற்றினார்கள். ருஸ்தம்ஜியின் விரைவுக் கப்பல்கள் அந்த வேலையைச் செய்தன. எஸ்ரா குடும்பத்தின் செல்வத்துக்கு வழிகோலிய டேவிட் ஜோசப் எஸ்ராவும் அவுரி, பட்டு ஆகியவற்றோடு அபினையும் ஏற்றுமதி செய்தவர். அந்தப் பணம் பிறகு கல்கத்தாவில் நிலமாகவும் மாளிகைகளாகவும் மாறியது. ருஸ்தம்ஜியின் கோயில் எழுந்த அதே 1839இல்தான் சீன அதிகாரி லின் ஸேஷூ, கான்டன் அருகே 20,000க்கும் மேற்பட்ட பெட்டி அபினைப் பறித்து அழித்தார். அபின் போர் மூண்டது. அந்தப் போரும், பின்னால் வந்த கலகங்களும் பஞ்சமும் தென்சீன மக்களைக் கூட்டங்கூட்டமாக நாட்டை விட்டு விரட்டின. அவர்களில் தச்சர்களும் செருப்புத் தைப்பவர்களும் கல்கத்தாவுக்கும் வந்தார்கள். அவர்கள் குடியேறிய டிரெட்டா பஜார், எஸ்ரா தெருவிலிருந்து நடந்தே போகும் தூரம்தான். சரக்கு போன வழியில் மனிதர்கள் திரும்பி வந்து, சரக்கு ஏற்றியவர்களின் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார்கள்.

ஒரு நகரத்தைப் பற்றி ஒரே நாளில் இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்றால், ஒருநாள் சுற்றுலா என்பது மட்டமான விஷயம் அல்ல. ஆனால் நம் ஊர்களில் அது பெரும்பாலும் வேறு மாதிரி நடக்கிறது. காலையில் பேருந்தில் ஏற்றி, பேலூர் மடம், தட்சிணேசுவரம், சமணர் கோயில், இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா நினைவு மண்டபம் என்று வரிசையாக இறக்கி ஏற்றி, மாலையில் புறப்பட்ட இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. தட்சிணேசுவரம் 1855இல் ராணி ராஸ்மணி கட்டியது. அருங்காட்சியகம் 1814இல் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஒரு முழுநாளைக் கேட்கக்கூடியது. குறை என்னவென்றால், இப்படிப் போகிறவருக்கு ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே கிடைப்பது பேருந்து ஜன்னல் மட்டுமே. நகரம் இருப்பதோ அந்த நடுவில்தான். எத்தனை இடம் பார்த்தோம் என்பதை வைத்துச் சுற்றுலாவை அளப்பது தவறு. பார்த்தவற்றுக்கு இடையே எத்தனை உறவுகள் புலப்பட்டன என்பதே சரியான அளவுகோல். அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் ஒரு நாளுக்கு ஒரு பேட்டை போதும். அதையும் நடந்துதான் பார்க்க வேண்டும். கூடவே விஷயம் தெரிந்த ஒருவர் வர வேண்டும்.

நடுக் கொல்கத்தா இதற்கு எடுப்பான சான்று. ஆங்கிலேயர் தெற்கே கோட்டையையும் லால்திகி குளத்தையும் ஒட்டிக் குடியிருந்தார்கள். வங்காளிப் பெருங்குடும்பங்கள் வடக்கே சுதாநுதிப் பக்கம் வீடு கட்டின. இரண்டிலும் சேராத வணிகர்களும் கைவினைஞர்களும் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் தங்கினார்கள். அதனால்தான் ஆர்மீனியரின் நாசரேத் தேவாலயம், போர்ச்சுகீசியரின் ஜெபமாலை அன்னை பேராலயம், யூதரின் ஜெப ஆலயங்கள், கச்சி மேமன்கள் கட்டிய நக்கோடா மசூதி, சீனரின் சீ இப் கோயில், 1892இல் கிருபாசரண் மகாதேரர் தொடங்கிய பௌத்த சங்கத்தின் விகாரை, ஆங்கிலோ இந்தியர் வாழும் போ பாரக்ஸ் எல்லாம் ஒரு காலை நடைக்குள் அடங்கிவிடுகின்றன. நடையைத் தொடங்கும் நேரமும் முக்கியம். டிரெட்டா பஜாரில் சீனக் குடும்பங்கள் விற்கும் மீன் உருண்டை சூப்பும் வேகவைத்த பன்னும் விடிகாலையில் வந்து எட்டு எட்டரைக்குள் தீர்ந்துவிடும்; பத்து மணிக்குப் போகிறவருக்கு அது வெறும் காய்கறிச் சந்தை. ஆர்மீனியத் தேவாலயத்தில் நிற்கும் தமிழருக்குக் கூடுதலாக ஒரு பிடிமானம் உண்டு. 1724இல் கட்டிய இந்தத் தேவாலயத்தின் மக்களும், சென்னையில் அரண்மனைக்காரத் தெரு என்று வழங்கும் ஆர்மீனியன் தெருவின் மக்களும் ஒரே வணிக வலையைச் சேர்ந்தவர்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது சென்னையில்தான்.

இந்த நடையில் மிக அதிக நேரம் நிற்கவேண்டிய இடம் மேகன் டேவிட் ஜெப ஆலயம். டேவிட் ஜோசப் எஸ்ராவின் நினைவாக அவர் மகன் எலியாஸ் 1884இல் கட்டியது. சிவப்புச் செங்கல்லும் உயர்ந்த கோபுரமும் அதில் கடிகாரமும் இருப்பதால் தூரத்தில் இருந்து பார்க்கிறவர் கிறித்தவத் தேவாலயம் என்றே எண்ணுவார். உள்ளே கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் பாவிய தரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல், பெண்கள் அமர மேல்மாடம், தோரா சுருள்கள் இருந்த பீடத்துக்கு மேலே விண்மீன் பதித்த அரைக்குவிமாடம். யூத முறைப்படி பொது வழிபாடு நடக்கக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவில் சில ஆயிரம் யூதர்கள் இருந்தார்கள். விடுதலைக்குப் பிறகு இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா என்று குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுப் போனார்கள். இன்று எஞ்சியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்து ஆண்கள் சேர்வதே அரிது. ஆனாலும் ஆலயத்தின் பித்தளை துலங்குகிறது, தரை பளிச்சென்று இருக்கிறது, உள்ளே வருகிறவரிடம் தலையை மூடிக்கொள்ளச் சொல்ல ஆள் இருக்கிறது. அப்படிச் சொல்கிறவர்கள் ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம்கள். தகப்பன், மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக இந்த ஆலயத்தையும், பக்கத்தில் 1856இல் எழுந்த பெத்தெல் ஆலயத்தையும் காத்துவருகிறார்கள். தொழுகை நேரத்தில் தங்கள் மசூதிக்குப் போய்விட்டு மற்ற நேரத்தில் இன்னொரு மதத்தாரின் வழிபாட்டு ஒழுங்கை ஒரு குறையும் வராமல் பேணுகிறார்கள். இதே நகரில் 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமிகள். கட்டியவர்கள் போய்விட்டார்கள், கட்டியதைக் காப்பவர்கள் வேறு மக்கள். பழம்பெரும் நகரம் எதுவும் இப்படித்தான் நிலைக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை வைத்துவிட்டால் ஒரு கட்டிடம் நின்றுவிடாது. காலையில் கதவைத் திறந்து கூட்டுகிற கை வேண்டும். இந்த உண்மையை எந்த அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியும் காட்டித் தராது.

இதற்கு வழிகாட்டி எதற்கு, கைப்பேசியில் எல்லாம் இருக்கிறதே என்று கேட்கலாம். மேகன் டேவிட்டின் வாசலே நடைபாதைக் கடைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்பதை முதல் பதிலாகச் சொல்லலாம். அதைவிட முக்கியமான பதில் வேறு. கைப்பேசி ஒவ்வோர் இடத்தையும் தனித்தனிக் குறிப்பாகத் தருகிறது. ஆலயத்துக்கு ஒரு பக்கம், அக்கினிக் கோயிலுக்கு ஒரு பக்கம், சீனக் கோயிலுக்கு ஒரு பக்கம். மூன்றையும் ஒரே அபின் பெட்டி இணைக்கிறது என்பதை அந்தத் தெருமுனையில் நின்று ஒருவர் எடுத்துச் சொன்னால்தான் மனத்தில் தைக்கும். நல்ல வழிகாட்டியின் வேலை தகவல் ஒப்பிப்பது அல்ல. பிரிந்து கிடக்கும் இரண்டை ஒன்றாகப் பார்க்க வைப்பது.

அப்படியானால் வழிகாட்டி தனக்குப் பிடித்ததை மட்டும் கோத்து ஓர் ஒற்றுமைக் கதை சொல்லிவிட மாட்டாரா என்ற ஐயம் நியாயமானது. பல மதத்தார் அருகருகே வாழ்ந்தார்கள் என்று இனிப்பாகச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் 1946 ஆகஸ்டில் இந்த நகரத்தின் தெருக்களில்தான் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். 1962 இந்திய-சீனப் போரின்போது இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். அவர்களில் முதியவர்களும் குழந்தைகளும் உண்டு. போர் ஒரு மாதத்தில் ஓய்ந்த பிறகும் சிலர் பல ஆண்டுகள் உள்ளே இருந்தார்கள். டிரெட்டா பஜாரின் சூப்பை ருசிக்கவைக்கும் வழிகாட்டி, அந்தப் பேட்டையில் சீனர்கள் ஏன் இவ்வளவு குறைந்துபோனார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எஸ்ரா மாளிகைகளின் அழகைக் காட்டுகிறவர் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் குற்றம் வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் முறையில் இல்லை, அந்த வழிகாட்டியிடம் இருக்கிறது. பேருந்துச் சுற்றுலாவும் கதைகளைத் தேர்ந்தெடுத்துத்தான் சொல்கிறது. ஆனால் அங்கே எதிர்க்கேள்வி கேட்க நிற்கும் நேரம் கிடையாது. நடையில் கிடைக்கும்.

வாழ்நாளில் ஒரே ஒரு முறை கொல்கத்தா போகிறவர் விக்டோரியா மண்டபத்தைப் பார்க்காமல் திரும்புவதா என்பது இன்னொரு வாதம். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1921இல் திறந்த அந்த வெள்ளைப் பளிங்கு மண்டபம் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்ளும். அதன் படம் எங்கும் கிடைக்கும். மாலையில் தனியாகப் போய் அதன் தோட்டத்தில் உட்கார்ந்து வந்தாலும் ஏதாவது பிடிபடும். எஸ்ரா தெருவின் பூட்டிய கோயில் அப்படிப் பேசாது. பேசாத இடத்துக்குத்தான் துணை வேண்டும். கையிலிருப்பது ஒரே நாள் என்றால் அதைப் பத்து வாசல்களில் சிதறவிடுவதைக் காட்டிலும் ஒரே பேட்டையில் செலவிடுவது மேல்; ஒரு பேட்டையைப் புரிந்துகொண்டு திரும்புகிறவருக்கு மற்றப் பேட்டைகளைப் புரிந்துகொள்ளும் திறவுகோலும் சேர்ந்தே கிடைக்கிறது. ஏலம், துறைமுகம், வந்தவர்கள், போனவர்கள், இருந்து காப்பவர்கள் என்ற இந்த ஐந்தும் தெரிந்தவர் மும்பையிலும் சென்னையிலும் தானாகவே சரியான கேள்விகளைக் கேட்பார்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு, மனிதர் வாழும் தெருவைக் காட்சிப்பொருளாக்குவது தகுமா என்பது. போ பாரக்ஸின் சிவப்புக் கட்டிடங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்காக எழுந்து, பிறகு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீடுகளானவை. அந்த வீட்டு ஜன்னல்களை நோக்கி ஒரு கூட்டம் கேமராவைத் தூக்கினால் அது அத்துமீறல்தான். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்கான பரிகாரம் தெருவுக்குள் போகாமல் இருப்பது அல்ல. போகும் முறையைத் திருத்துவது. பத்துப் பேருக்கு மேல் கூடாது. முகத்தைப் படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். அந்தப் பேட்டையின் கடையில் சாப்பிட்டு, அங்கே செய்ததை வாங்கி, நடையின் வருமானத்தில் ஒரு பங்கு அந்தத் தெருவிலேயே நிற்கும்படி செய்ய வேண்டும். முடிந்தால் வழிகாட்டியே அந்தப் பேட்டையில் பிறந்தவராக இருக்க வேண்டும். மெட்காப் தெருவில் 1912இலிருந்து இயங்கும் அக்கினிக் கோயிலுக்குள் பார்சி அல்லாதவர்கள் நுழையக் கூடாது. அதன் வாசலோடு நின்று, உள்ளே ஏன் போகக் கூடாது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்புவதும் சுற்றிப் பார்ப்பதன் ஒரு பகுதியே. விருந்தினருக்கு உரிய அடக்கத்தைப் பேருந்து கற்பிக்காது. மூடிய கதவின் முன் நிற்கும் நடை கற்பிக்கும்.

அடுத்த முறை ஒரு பெருநகரத்தில் உங்களுக்கு ஒரு நாள் கிடைத்தால், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை மடித்து வையுங்கள். ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுங்கள். அதை அறிந்த ஒருவருக்கு நியாயமான கூலி கொடுத்துக் கூட நடங்கள். அவரிடம் இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்: இதைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது, இன்று இதைக் கூட்டிப் பெருக்கிக் காப்பவர் யார்? இரண்டுக்கும் விடை தெரிந்தவரோடு நடந்த நாள் வீணாகாது.