நிழலும் பிறையும்



அரியாங்குப்பத்தில் என்னைக் காண ஒரு தாய் வந்தார். மகனுக்கு இரத்தப் புற்றுநோய். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம், சாமி, பிறகு எதற்கு சி.டி. ஸ்கேன்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

புற்றுநோய் மருந்துகள் வெள்ளணுக்களையும் குறைத்துவிடுகின்றன. அவ்வேளையில், நாம் யாவரும் அன்றாடம் சுவாசிக்கும் 'அஸ்பெர்ஜில்லஸ்' என்னும் பூஞ்சையின் வித்துகள் நுரையீரலில் வேரூன்றக்கூடும். 1729இல் அதற்குப் பெயரிட்டவர் மிக்கேலி என்ற இத்தாலியத் தாவரவியலாளர். தீர்த்தம் தெளிக்கும் கருவியின் உருவை அதில் கண்டார்.

தொடக்கத்தில் எக்ஸ்ரே இதைக் காட்டாமற் போகலாம். சி.டி.யிலோ ஒரு முடிச்சும், அதைச் சுற்றி மங்கிய வளையமும் தென்படும். வளையம் என்பது கசிந்த இரத்தம். இவ்வகை நோயாளரிடம் இதனை 1985இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தனர். வேறு நோய்களிலும் அது தோன்றலாம். ஆயினும் பூஞ்சைக்கான மருந்தை விரைந்து தொடங்க அது வழிகாட்டுகிறது.

மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் நிழல் பெரிதாகலாம். இரண்டு மூன்று வாரங்களில் முடிச்சினுள் பிறைபோல் காற்று தெரியலாம். "நுரையீரலில் ஓட்டை விழுந்ததே!" என்று கலங்கிச் சிகிச்சையைக் கைவிடாதீர்கள். வெள்ளணுக்கள் மீண்டு வந்து இறந்த திசுவை அகற்றுவதையே அப்பிறை பெரும்பாலும் உணர்த்துகிறது. ஆனால் இருமலில் இரத்தம் கண்டால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

நோயாளியின் அறைக்குப் பூந்தொட்டிகளைக் கொண்டு செல்லாதீர்கள். கட்டட வேலைத் தூசு அவரை அணுகவிடாதீர்கள். காய்ச்சல் கண்டால், பொழுது விடியட்டும் என்றிராமல், ஜிப்மருக்கோ அவர் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கோ அப்போதே புறப்படுங்கள்.