ஈம் ஊரின் எல்லைக்கல்

வெளிநாடு சென்று மீள்வோர் ஆங்குள்ள மாட மாளிகைகளை வியந்துரைத்தல் வழக்கம். நாமோ ஒரு சிற்றூரின் கல்லையும் கிணற்றையும் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். சில ஆண்டுகளின் முன் இங்கிலாந்தில் வாழும் எமது தமக்கையாரிடம் சென்றிருந்தபோது, டார்பிஷயர் மலைநாட்டிலுள்ள ஈம் என்னும் கோயிற்பற்றைக் காணும் வாய்ப்புப் பெற்றோம். அப்பெயர் தமிழ்ச் செவிக்கு ‘ஈமம்’ என்னும் சொல்லை நினைவூட்டும். ஊரின் வரலாறும் அதற்கு ஒத்ததே.

ஊர் சிறிது, நடந்தே பார்க்கலாம். கோயில் முற்றத்தில் சக்சன் காலத்துக் கற்சிலுவை ஒன்று நிற்கின்றது. 1588ஆம் ஆண்டிலேயே ஊற்றுநீரைக் கொணர்ந்து, வீதியோரக் கற்றொட்டிகளில் நிறைத்து, ஊரார் அனைவர்க்கும் பொதுவாக்கினர். அத்தொட்டிகள் சில இன்றும் உள. பழைய மெதடிஸ்த ஆலயம் ஒன்று 1994 முதல் நூதனசாலையாக இயங்குகின்றது.

1665ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து இவ்வூர்த் தையற்காரர் ஒருவரின் வீட்டுக்குத் துணிப்பொதி ஒன்று வந்தது. அதிலிருந்த தெள்ளுகளே கொள்ளைநோயைக் கொணர்ந்தன என்பர். செப்டெம்பரில் முதற் சாவு நிகழ்ந்தது. மறு ஆண்டு யூன் மாதத்தில் குருவானவர் வில்லியம் மொம்பெசனும், சமயக் கொள்கை வேறுபாட்டால் முன்னர் அப்பதவியை இழந்திருந்த தோமஸ் ஸ்ரான்லியும் ஒன்றுகூடி, நோய் அயலூர்களுக்குப் பரவாவண்ணம் எவரும் எல்லை கடவாதிருக்க ஊராரை இணங்குவித்தனர். கோயில் மூடப்பட்டது, வழிபாடு திறந்த வெளியில் நடந்தது, இறந்தோரை அவ்வவ் வீட்டாரே புதைத்தனர். 1666 நவம்பரில் நோய் ஓய்ந்தபோது ஏறத்தாழ 260 பேர் மாண்டிருந்தனர் என்பர். மொம்பெசனின் மனைவி கதரினும் அவருள் ஒருவர். இவ்வடைப்பினால் ஊரினுள்ளே சாவு மிகுந்தது என வாதிடுவாரும் உளர்.

ஊரெல்லையில் குழிகள் குடைந்த கல்லொன்று உளது. அக்குழிகளில் வினாகிரி வார்த்து, அதனுள் காசை இட்டு, அயலூரார் வைத்துச் சென்ற உணவை ஈம் மக்கள் எடுத்துச் சென்றனர். மொம்பெசன் கிணறு என வழங்கும் ஊற்றிலும் அவ்வாறே நடந்தது.

ஊருக்குப் புறத்தே ரைலி என்னும் இடத்தில், எலிசபெத் ஹன்கொக் என்னும் பெண் 1666 ஓகஸ்டில் எட்டு நாள்களுள் தம் கணவனையும் ஆறு மக்களையும் தாமே புதைத்தார். கன்மதில் சூழ்ந்த அந்நினைவுக் கற்களின் முன் நாம் நெடுநேரம் நின்றோம். 2021இல் எமது தந்தையார் கொரோனா நோயால் இறந்தபோது, மூடிய பெட்டியையே கண்டோம், முகம் காணோம். பந்தலில்லை, பறையில்லை, சுற்றத்தார் எவரும் வரவில்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலார் சமைத்துத் தருவதே எம்மூர் வழக்கம். அந்நாள்களில் ஒவ்வொரு காலையிலும் எம் படலையடியில் ஒரு சோற்றுப்பொதி இருந்தது. வைத்தவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. வாராதிருந்தவர்களே அதனை வைத்தார்கள் என்பது மட்டும் தெளிவு.

ஆண்டுதோறும் ஓகஸ்ட் இறுதி ஞாயிறன்று ஈம் மக்கள் தம் முன்னோரை நினைந்து வழிபடுகின்றனர். எமது மாணாக்கரிடம் ஒன்று வேண்டுகின்றோம்: உங்கள் ஊர்ச் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும் கேணியும் எவரால், எவர் பொருட்டு வைக்கப்பட்டன என்பதை முதியோரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.