தடவத் துறுதுறுக்கும் கை

பச்சை குத்திய கையோடு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் திட்டு விழும். திட்டு ஓய்ந்ததும் வைத்தியம் ஆரம்பிக்கும். அக்கா மகள் முன்கையில் மயிலிறகு குத்திக்கொண்டு வந்தபோது, அம்மா மஞ்சள்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்தாள். அக்கா, என்றைக்கோ வாங்கிய ஆன்டிபயாட்டிக் களிம்பைத் தேடி எடுத்தாள். எதிர்வீட்டிலிருந்து கற்றாழை மடல் வந்தது. டாட்டூ கடையில் விற்ற குட்டி டப்பாவும் இருந்தது, அதன் மூடியைத் திறந்ததுமே வாசனை தூக்கியது.

அம்மாவின் கையிலும் பச்சைக்கோலம் உண்டு. சிறுவயதில் குறத்தி குத்திவிட்டது. அதற்கு மஞ்சள்தான் பூசினார்களாம். "எனக்கென்ன, சீழா வச்சுது?" என்று கேட்டாள். வைக்கவில்லைதான். ஆனாலும் அஞ்சறைப்பெட்டி மஞ்சள் சாம்பாருக்கு அரைத்தது, திறந்த புண்ணுக்கு அல்ல.

மை இறங்குவது மேல்தோலுக்கு அடியில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். அங்கே காவல் நிற்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. படம் நிலைப்பது அவற்றால்தான். களிம்பின் வேலை, மேலே கீறுபட்ட தோல் காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. ஈரப்பதம் காக்கப்பட்ட காயத்தில் புதுத்தோல் வேகமாக மூடுகிறது என்று 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் காயங்களை வைத்துக் காட்டினார். அதற்காக அப்பிவிடவும் கூடாது. நம்மூர்ப் புழுக்கத்தில் தடித்த பூச்சுக்கடியில் வியர்வை தேங்கித் தோல் ஊறிப்போகும். தடவியது தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தால் போதும்.

எனக்குப் பயம் அக்காவின் களிம்பைப் பார்த்துத்தான். அதில் இருந்தது நியோமைசின். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் 2010-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப்பொருளாக அறிவித்ததே அதைத்தான். ஒவ்வாமை வந்தால் தோல் சிவக்கும், அரிக்கும். பார்ப்பவர்கள் புண் சீழ்பிடிக்கிறது என்று நினைத்து, அதே களிம்பை இன்னும் கொஞ்சம் பூசுவார்கள்! ஸ்டீராய்டு கலந்த ட்யூப் என்றால் காயம் ஆறுவதே தாமதப்படும்.

கடைசியில் மருந்துக்கடையில் வாங்கியது இரண்டே சாமான்: வாசனையில்லாத சோப்பு, வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர். அட்டையில் பொருள்பட்டியல் எது சிறியதோ அதை எடுத்தேன். கடைக்காரர் நம்பாமல், "டாட்டூவுக்குன்னே ஸ்பெஷலா இருக்கு மேடம்" என்றார். கை கழுவிவிட்டுத் தொடு, துடைக்காமல் ஒற்றியெடு, பொருக்கைப் பிய்க்காதே, சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் ஓடு என்று அக்கா மகளிடம் சொன்னேன். சன்ஸ்கிரீன் தோல் மூடிய பிறகுதான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆறும்வரை கடலில் இறங்கக் கூடாது என்றதும்தான், "என்ன சித்தி, அடுத்த வாரம் ஃப்ரெண்ட்ஸோட பாண்டிச்சேரி போறேனே!" என்று சண்டைக்கு வந்தாள்.