கம்பியும் படத்தில் இருக்கட்டும்

சென்னைப் பெரும்பாக்கம் சதுப்புநிலத்துக் கரையில் பஞ்சுருட்டானைப் படமெடுக்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. புதியவர் லென்ஸைத் தூக்கிக்கொண்டு குருவியின் பின்னாலேயே அலைவார். பழகியவர் காய்ந்த கிளை ஒன்றைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். நான் உடன் போன ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் இரண்டாம் வகை.

"குருவியத் தொரத்தாதீங்க சார். கெளையில ஃபோகஸ் வச்சிக்கிட்டு இருங்க. அது இங்கதான் வந்தாகணும்."

வந்தது. பச்சைப் பஞ்சுருட்டான் இருந்த இடத்திலிருந்து பாய்ந்து, பறக்கும் தேனீயையோ தும்பியையோ கவ்விக்கொண்டு பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். தேனீயை அப்படியே விழுங்காது. கிளையில் அடித்து, தேய்த்து, கொடுக்கின் விஷத்தைப் போக்கிவிட்டுத்தான் தின்னும். பாய்வது எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது, திரும்புவது எங்கே என்பது தெரியும் என்பார் ஆசிரியர். பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்தே கிளம்பும், எதிர்த்தே அமரும். அதனால் காற்றும் காலை வெயிலும் ஒருசேர முதுகில் படும் இடமாகப் பார்த்து நாற்காலியைப் போடுகிறார். குருவி நம்மைப் பார்த்தே வரும், முகத்திலும் வெளிச்சம் விழும்.

மீதியெல்லாம் அவருக்குக் கணக்கு. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் குருவி, ஷட்டர் 1/500 நொடி திறந்திருந்தால் அதற்குள் 2 செ.மீ. நகர்ந்துவிடும், படத்தில் குருவி இருக்காது, பச்சைத் தீற்றல்தான் இருக்கும். 1/3200 என்றால் 3 மி.மீ. நகர்வுதான். எட்டு மீட்டர் தொலைவில் 600 மி.மீ. லென்ஸை எஃப் 6.3இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 7 செ.மீ. விரித்த சிறகு அதற்குள் அடங்காது. கண் தெளிவாக இருந்தால் போதும், சிறகு நுனி மங்கினால் மங்கட்டும் என்கிறார். இப்போதைய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பிடிக்கின்றன. நொடிக்கு 20 படம் எடுக்கின்றன. ஆனால் எந்தக் கிளையின் எதிரே உட்கார வேண்டும் என்று அவை சொல்வதில்லை.

உண்மையான உழைப்பு வீட்டில், கணினியின் முன்னால். முதல் வேலை அழிப்பது. கண் மங்கினால் போச்சு, தலை திரும்பியிருந்தால் போச்சு. தப்பிய சிலவற்றின் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பைத் திறக்கிறார். வேகமான ஷட்டருக்காக ஐஎஸ்ஓவை ஏற்றியதால் படமெங்கும் மணல் தூவியதுபோல நாய்ஸ். அதை முதலில் குறைத்து, கூர்மையைப் பிறகு கூட்டுகிறார், அதுவும் குருவியின் மேல் மட்டும். பின்னணியைக் கூர்மையாக்கினால் போன நாய்ஸ் திரும்பி வந்துவிடும். நாய்ஸை ஒரேயடியாகத் துடைத்தால் இறகு பிளாஸ்டிக்காகிவிடும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் சிலவேளை இல்லாத இறகையும் வரைந்து தருகிறது. அதற்குப் பெயர் தெளிவு இல்லை, புளுகு.

அன்றைய நல்ல படத்தில் குருவி அமர்ந்திருந்தது மின்கம்பியில். பார்க்க வந்திருந்த பக்கத்துத் தெரு ஸ்டூடியோ இளைஞர், "கம்பிய எடுத்துட்டு ஒரு கிளை வச்சிரலாமே சார், ரெண்டே நிமிஷம்" என்றார்.

"அது கம்பியிலதாம்பா உக்காந்துச்சு" என்றார் ஆசிரியர்.

நான் ஆசிரியர் கட்சி. கேமரா சேர்த்த அழுக்கைத் துடைக்கலாம், ஓரங்களை வெட்டலாம், நிழலைக் கொஞ்சம் தூக்கலாம். குருவி உட்கார்ந்த இடத்தை மாற்றக் கூடாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் ரா ஃபைலைக் கேட்டு வாங்குவது இப்படி எதையும் மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான். நகரத்துப் பஞ்சுருட்டானுக்குக் கம்பிதான் கிளை. அதை அழித்துவிட்ட படம் அழகாக இருக்கலாம், சாட்சியாக நிற்காது.

ஆசிரியருக்கு இன்னொரு விதியும் உண்டு: மார்ச் முதல் ஜூன் வரை இந்தக் குருவிகள் பக்கமே போவதில்லை. அப்போது அவை மண் சரிவுகளில் வளை தோண்டி முட்டையிடும். கூட்டைப் பார்க்க முடிகிற இடத்தில் ஆள் நின்றால் பஞ்சுருட்டான் உள்ளே நுழையத் தயங்குகிறது, கூடு கண்ணில் படாத இடத்தில் நின்றால் அவ்வளவு தயங்குவதில்லை என்று மிலிந்த் வாட்வே குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நீங்கள் லென்ஸோடு வளைக்கு எதிரே காத்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே குஞ்சுகள் பசியோடு கிடக்கும். அந்த நான்கு மாதமும் கூடுகளை விட்டுவிடுங்கள். கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லவும் வேண்டாம்.