குளிரும் இருளும்

கோடை நாளில் பானைத் தண்ணீர் ஒரு செம்பு பருகினால் போதும், மனிதனுடைய தாபம் தணிந்துவிடும். அவன் செய்த யந்திரங்களோ அவ்வளவு எளிதில் திருப்தியடைவதில்லை.

நம் மாணாக்கர்கள் கம்ப்யூட்டர் பந்தயங்களைப் பற்றி ஆவலுடன் பேசுவதை அடிக்கடி கேட்கிறோம். கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸரை, அதைச் செய்தவர்கள் விதித்த வேகத்துக்கு மேல் விரட்டுவதே அந்தப் பந்தயம். விரட்ட விரட்ட அது சுடும். விசிறிக் காற்றும் தண்ணீர்க் குழாயும் அதற்கு ஈடுகொடுக்கமாட்டா. ஆகவே அதன் தலைமேல் செம்புக் குவளையொன்றை இருத்தித் திரவ நைட்ரஜனை ஊற்றுகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியிலேயே அது கொதித்துப் போகும். அதனினும் குளிர்ந்த திரவ ஹீலியத்தைக் கொண்டு, 2022-ஆம் ஆண்டில் விநாடிக்கு 900 கோடித் துடிப்பு என்னும் எல்லையையும் தாண்டிவிட்டார்கள். ஆனால் அந்த வேகம் நிலைப்பது சிறிது நேரமே. காற்றின் ஈரம் பனியாகப் படிந்து, உருகி, யந்திரத்தையே கெடுத்துவிடும் என்ற அச்சமும் உடன் இருக்கிறது.

இதே திரவ நைட்ரஜனுக்கு நம் ஜவ்வாது மலையிலும் வேலை உண்டு என்றால் அவர்கள் வியப்படைகிறார்கள். ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், சுமார் 700 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு முதல் விண்ணை நோக்கி வருகிறது. அது திரட்டும் ஒளியைப் பதிவு செய்பவை, 1969-இல் அமெரிக்காவில் தோன்றிய சி.சி.டி. என்னும் சிலிக்கான் தகடுகள். ஒளி பட்டால் இத்தகட்டில் மின்னணுக்கள் விடுபடும். அவற்றை எண்ணி ஒளியின் அளவை அறியலாம். ஆனால் தகட்டின் சொந்த வெப்பமும் மின்னணுக்களை விடுவிக்கும். எது நக்ஷத்திரம் தந்தது, எது வெப்பம் தந்தது என்று கருவிக்குத் தெரியாது. ஆகவே திரவ நைட்ரஜனால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 100 டிகிரிக்கும் அப்பால் தகட்டைக் குளிர்வித்து, வெப்பத்தின் ஆரவாரத்தை அடக்குகிறார்கள். பனி படியாதிருக்கத் தகட்டை வெற்றிடப் பாத்திரத்தில் வைக்கிறார்கள். நம் வீட்டில் காப்பி ஆறாமல் காக்கும் பிளாஸ்க்கும் இந்த ஜாதியே. 1892-இல் ஜேம்ஸ் டூவார் என்னும் விஞ்ஞானி இதை அமைத்தது, திரவமாக்கிய வாயுக்களைச் சேமிக்கத்தான்.

பந்தயக்காரருக்குக் குளிர் சில நிமிஷ வேகத்தைத் தருகிறது. காவலூரில் அது இரவெல்லாம் பொறுத்திருந்து, மிக மங்கிய ஒளியையும் வாங்கிக்கொள்ளும் சக்தியைத் தருகிறது. மாணாக்கர்களுக்கு இரண்டையும் சொல்லுகிறோம். இரண்டாவதையே விரும்பிச் சொல்லுகிறோம்.

எனினும் இக்குளிருக்கும் ஒரு வரம்பு உண்டு. கருவியின் சொந்த வெப்பத்தை அது அடக்கும். நாம் வானத்தில் வீசும் விளக்கொளியை அது தொடவும் முடியாது. மலையடிவாரத்து ஊர்களின் தெருக்களிலும் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் மேல்நோக்கிச் சிந்தும் வெளிச்சம், காற்றிலுள்ள தூசியில் பட்டுத் திரும்பி, நக்ஷத்திர ஒளியோடு கலந்தே தகட்டில் விழும். எத்தனை நைட்ரஜன் ஊற்றினாலும் அது போகாது. விளக்குக்கு மேலே ஒரு மூடி இட்டு, ஒளியைத் தரைக்கே திருப்பினால் பாதையும் தெரியும், மின்சாரமும் மிஞ்சும், காவலூருக்கு இருளும் கிட்டும். அந்த மலையைச் சுற்றி வாழும் குடும்பத்தார் தத்தம் வாசல் விளக்கிலிருந்தே இதைத் தொடங்கலாம்.