ஏற்றம் இல்லாத இறைவை

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்றவுடன் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவன தொழிற்சாலைகளும் லாரிகளுந்தான். 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் தோன்றிய பிறகு, அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் இப்பகுதியின் பழைய பெயர்களைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அம்பத்தூருக்கு அடுத்த ரயில் ஸ்டேஷன் திருமுல்லைவாயில். அதற்குத் தெற்கே, கூவம் நதிக்கரையில் திருவேற்காடு. இன்னும் சற்றுத் தென்மேற்கே பூவிருந்தவல்லி. முல்லை, வேல், பூ! நம் முன்னோர் ஊருக்குப் பெயர் வைத்தார்களா, தாவர சாஸ்திரம் எழுதினார்களா என்று சந்தேகம் உண்டாகிறது.

திருமுல்லைவாயிலில் தொண்டைமானுடைய யானையின் காலை முல்லைக்கொடி சுற்றித் தடுத்ததாம். கொடியை வெட்டியபோது சிவலிங்கம் வெளிப்பட்டதாம். இது ஸ்தல புராணம். அந்தக் கோயிலில் சந்நிதிக்கு முன் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் நிற்கின்றன. திருவேற்காட்டிலோ, வேதங்களே வேல மரங்களாக நின்றன என்பது ஐதீகம்.

முல்லை, எருக்கு, வேல் ஆகிய மூன்றும் ஜலத்தைச் செலவு செய்யும் விதம் விந்தையானது. ஒரு செடி வேரால் உறிஞ்சும் ஜலத்தில் 100-க்கு 95 பங்குக்கு மேல் இலை வழியே ஆவியாகப் போய்விடுகிறது. இலையிலுள்ள நுண்ணிய துவாரங்களே அதற்கு வாசல். முல்லையின் இலை மெல்லியது. ஜலம் கிடைத்தால் தாராளமாகச் செலவழிக்கும், கிடைக்காவிட்டால் வாடிவிடும். எருக்கு கருமி, இலைமீது மெழுகும் வெண்பூச்சும் போர்த்துக்கொண்டு கோடையைக் கழிக்கும். வேல மரம் இலையைப் பொடிப் பொடியாகச் சிறுக்கவிட்டு, வேரை ஆழத்துக்கு அனுப்பிவிடும்.

அவ்வளவு ஆழத்திலிருந்து உச்சிக் கிளைக்கு ஜலத்தை இறைப்பவர் யார்? ஏற்றமில்லை, மாடில்லை, பம்பு செட்டுமில்லை. 1894-ல் டப்ளின் நகரத்து டிக்ஸன், ஜாலி என்ற இருவர் இதற்கு விடை கூறினார்கள். இலையிலிருந்து ஜலம் ஆவியாகும்போது, அது தன் பின்னாலுள்ள ஜலத்தை இழுக்கிறது. ஜலத்தின் அணுத்திரள்கள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. பூச்சரத்தின் ஒரு நுனியை இழுத்தால் சரம் முழுவதும் வருவதுபோல, வேர் வரையிலுள்ள ஜலமும் மேலே வருகிறது. இழுக்கும் சக்தியைக் கொடுப்பவன் சூரியன்.

நம் தேசத்து ஜகதீச சந்திர போஸ் வேறு விதமாகக் கருதினார். மரத்தின் உயிரணுக்கள் இருதயம்போலத் துடித்து ஜலத்தை ஏற்றுகின்றன என்று 1923-ல் ஒரு நூலே வெளியிட்டார். உலகம் அதை ஏற்கவில்லை. பிற்காலச் சோதனைகள் டிக்ஸன் பக்கமே நின்றன. இதனால் போஸின் பெருமை குறையவில்லை. செடியின் மிக நுண்ணிய அசைவையும் காட்டும் கருவிகளை இந்தியத் தொழிலாளர் கையாலேயே செய்வித்த மேதை அவர். நம்மவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை மெய்யென்று கொள்வது தேசபக்தியாகாது. சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை அவரிடம் கற்பதே தேசபக்தி.

சோதனை கடினமுமல்ல. காலையில் இலையடர்ந்த கிளையொன்றைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். மாலையில் பைக்குள் ஜலத்துளிகள் திரண்டிருப்பதைக் குழந்தைகளே காண்பார்கள்.

இது வெறும் வேடிக்கையல்ல. ஒரு லிட்டர் ஜலம் ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தைக் கொண்டு, 8 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரலாம். அத்தனை உஷ்ணத்தையும் மரம் தன்னைச் சுற்றியுள்ள வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மர நிழல் பந்தல் நிழலைவிடக் குளிர்ந்திருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் இறைப்பதற்குக் கீழே ஜலம் வேண்டுமே! ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரிகள் தேக்கி மண்ணுக்குக் கொடுத்தால்தான், சித்திரை வெயிலில் மரம் அதைக் காற்றுக்குக் கொடுக்க முடியும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, திறந்துவிட்ட வெள்ளம் அடையாற்றில் பாய்ந்தது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்தது. தரையெல்லாம் சிமெண்டு பூசி, மரத்தையும் வெட்டிவிட்டால், பெய்த மழை மண்ணில் இறங்குவதுமில்லை. இலை வழியே மேலே ஏறுவதுமில்லை.

பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், காஞ்சி வரதராஜருக்குப் புஷ்பம் சமர்ப்பித்து, ஆலவட்டம் வீசிக் கைங்கரியம் செய்தார். அதே கைங்கரியத்தை நமக்கு மரங்கள் செய்கின்றன. திருவேற்காட்டில் வீடு கட்டுகிறவர்கள் வாசலில் நான்கடி மண்ணைச் சிமெண்டு பூசாமல் விட்டு, ஒரு மரக்கன்று நடுவார்களாக. திருமுல்லைவாயிலில் இருப்பவர்களுக்கு ஒரு முல்லைக்கொடி போதும்.